இரண்டு டிக் விழுந்தால் செய்தி சேர்ந்துவிட்டதா? பள்ளிப் பணியும் புலனக் குழுக்களும்



உங்கள் கைப்பேசியில் பள்ளி தொடர்பான புலனக் குழுக்கள் எத்தனை இருக்கின்றன? ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன், 23 வந்தது. ஆசிரியர் அனைவருக்கும் ஒன்று, தமிழ்மொழிப் பணித்தியத்துக்கு ஒன்று, தேர்வுக் குழுவுக்கு ஒன்று, விளையாட்டுப் போட்டிக்கு ஒன்று (போட்டி முடிந்து இரண்டு ஆண்டாகிறது, குழு மட்டும் உயிரோடு இருக்கிறது), படிவம் 4 பெற்றோருக்கு ஒன்று, படிவம் 5 பெற்றோருக்கு ஒன்று... இப்படியே போகும். இவ்வளவு இருந்தும், "எனக்குத் தெரியாதே டீச்சர்" என்ற சொல் குறைந்திருக்கிறதா? இல்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது.

ஏன் இப்படி? செயலியின் கோளாறா, நம் கோளாறா? இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு 'நாளை மறுநாள்' செய்த வேலை

கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. படிவம் 5 மாணவர்களுக்குத் தமிழ் முன்னோட்டத் தேர்வு வெள்ளிக்கிழமை என்று அறிவித்திருந்தோம். வேறொரு நிகழ்ச்சி குறுக்கிட்டதால் வியாழக்கிழமைக்கு மாற்றும்படி ஆயிற்று. செவ்வாய் இரவு 9.50க்குப் பெற்றோர் குழுவில் நான் போட்ட செய்தி இது: "தமிழ்த் தேர்வு நாளை மறுநாள் காலை 10 மணிக்கு நடைபெறும்." போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு மாணவி வரவில்லை. வெள்ளிக்கிழமை, பேனாவும் கையுமாக, நன்றாகப் படித்துவிட்டு வந்து நின்றாள். "குழுவில் போட்டேனே, அப்பா பார்க்கவில்லையா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "பார்த்தாரு டீச்சர். நாளை மறுநாள்னுதான் இருந்துச்சு. வெள்ளிக்கிழமைதானே?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை. விடிவதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுவார். அங்கே லைன் சரியாகக் கிடைக்காது. என் செய்தியை அவர் படித்தது புதன் இரவு. அதற்குள் கீழே பிறந்தநாள் வாழ்த்தும் கைகூப்பும் படமுமாக எத்தனையோ வந்து விழுந்திருந்தன. அவற்றையெல்லாம் தாண்டி மேலே போய்த் தேடிப் படித்திருக்கிறார் மனிதர். புதன்கிழமைக்கு நாளை மறுநாள் எது? வெள்ளி. பழைய தேதியும் வெள்ளி. ஆக, எதுவும் மாறவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

இதில் செயலி எங்கே தவறியது? செய்தி போய்ச் சேர்ந்தது. இரண்டு டிக் விழுந்தது. அப்பா படித்தார். ஆனாலும் சேதி சேரவில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்கும் நானே, படிப்பவர் எந்த நாளில் படிப்பார் என்று நினைக்காமல் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை அடுத்துக் கேட்ட கேள்விதான் இன்னும் மனத்தில் நிற்கிறது: "டீச்சர், நான் தமிழ் எடுக்காம விட்டுடவா? எனக்கு இதெல்லாம் சரியா தெரிய வரமாட்டேங்குது." எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கும் மாணவர்களை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து அழைத்து வருகிறோம். அப்படி வந்த ஒருத்தியை ஓர் அறிவிப்பால் இழக்கப் பார்த்தேன். வேறொரு தாள் தயாரித்து அவளை எழுத வைத்தேன். அந்த ஆண்டு எஸ்.பி.எம். தமிழும் எழுதினாள். ஆனால் எல்லாருக்கும் இப்படி இரண்டாம் வாய்ப்பு கிடைக்குமா?

டிக் உண்மையில் என்ன சொல்கிறது?

புலனத்தில் ஒரு டிக் விழுந்தால், செய்தி உங்கள் கைப்பேசியைவிட்டு நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போய்விட்டது என்று பொருள். இரண்டு டிக் என்றால், பெறுநரின் கருவிக்கு வந்துவிட்டது. நீல டிக் என்றால், அவர் அந்த உரையாடலைத் திறந்துவிட்டார். நீல டிக் 2014இல்தான் அறிமுகமானது.

குழுவில் கணக்கு வேறு. குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் இரண்டாவது டிக் விழும். அத்தனை பேரும் திறந்த பிறகுதான் நீலமாகும். ஒருவர் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தாலும் ஒற்றை டிக்கோடு நிற்கும். யாருக்குச் சேர்ந்தது, யார் திறந்தார் என்று அறிய, அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து அதன் 'விவரம்' பகுதிக்குப் போக வேண்டும். இதை எத்தனை பேர் செய்கிறோம்?

இன்னொன்றும் உண்டு. பெறுநரின் கைப்பேசி இணையத்தில் இணையாமலே இருந்தால், செய்தி சேவையகத்தில் 30 நாள் காத்திருக்கும். அதற்குள் சேராவிட்டால் அழிக்கப்பட்டுவிடும். விடுமுறை முழுவதும் தரவு வாங்காத ஒரு வீட்டுக்கு, விடுமுறைத் தொடக்கத்தில் அனுப்பிய செய்தி வராமலே போகலாம்.

ஆக, டிக் என்பது கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஒப்புதல். மனிதர் கொடுத்த ஒப்புதல் அல்ல. 'திறந்தார்' என்பதற்கும் 'புரிந்துகொண்டார்' என்பதற்கும் நடுவே என் 'நாளை மறுநாள்' அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

தமிழுக்கென்றே வரும் சிக்கல்கள்

பொதுவான குறைகளை எல்லாரும் பேசுகிறார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் குறைகளை நாம்தானே பேச வேண்டும்?

1. புள்ளி காணாமல் போவது. கால அட்டவணையைப் படம் பிடித்து அனுப்புகிறோம். செயலி தரவை மிச்சப்படுத்த அந்தப் படத்தைச் சுருக்குகிறது. ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கும். நம் எழுத்தில் மெய்யின் புள்ளியும், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள சிறு வேறுபாடும் முதலில் மங்கிப்போகும். 'கொடு', 'கோடு' ஆகலாம். 'பெறு', 'பேறு' ஆகலாம். அதை ஒருவர் மறுபடி திரைப்பிடிப்பு எடுத்து வேறொரு குழுவில் போட்டால் இன்னும் மோசம். 2023 முதல் உயர்தரப் படம் அனுப்பும் தெரிவு வந்திருக்கிறது. அதைவிட எளிய வழி, படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புவது. அப்போது படம் சுருங்காது.

2. தேடினால் கிடைக்காதது. 'ஔவையார் பயிற்சி' என்று தேடுகிறீர்கள். ஒன்றும் வரவில்லை. அனுப்பியவர் 'ஔ' என்ற ஓர் எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தைத் தட்டியிருப்பார். கண்ணுக்கு 'ஒளவையார்' கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அது வேறு சொல். 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று தட்டுவதும் இப்படித்தான். ஒருங்குறியில் 'ஔ' தனி எழுத்து, அதற்குத் தனி எண் உண்டு. இது தேடலுக்கு மட்டுமல்ல, எழுத்துப்பிழையாகவும் கொள்ள வேண்டியது. மாணவர்களே, கவனியுங்கள்.

3. மூன்று மொழிக் குழப்பம். ஒரே கூட்டத்தை ஒருவர் 'மெஷுவாராட்' என்று மலாயில் எழுதுவார், ஒருவர் 'மீட்டிங்' என்பார், ஒருவர் 'கூட்டம்' என்பார், இன்னொருவர் குரல் செய்தியாகவே அனுப்பிவிடுவார். பிறகு எதை வைத்துத் தேடுவது? குரல் செய்திக்குள் பேசியதும் படத்துக்குள் உள்ள எழுத்தும் சாதாரணச் சொல் தேடலில் அகப்படுவதில்லை.

4. பழைய எழுத்துரு. நம்மில் பலரிடம் 20 ஆண்டு காலத்துப் பயிற்சித் தாள்கள் இருக்கின்றன. அன்றைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திக் காட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குறிகள்தான் வரும். ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் பி.டி.எஃப். ஆக்கியாவது அனுப்ப வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒன்றை மறக்கக்கூடாது. கைப்பேசியில் தமிழ் எழுதுவதே ஒரு காலத்தில் கனவாக இருந்தது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர். அவருடைய செல்லினம் 2005இல் வெளிவந்து, சாதாரணக் கைப்பேசியிலும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. எழுதும் வசதி வந்துவிட்டது. இனி, அனுப்பும் ஒழுங்கை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

செயலி நின்றுபோனால்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021 அக்டோபர் 4ஆம் தேதி, மலேசிய நேரப்படி நள்ளிரவு நெருங்கும் வேளையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், புலனம் மூன்றும் ஒருசேர நின்றன. சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க வேலை செய்யவில்லை. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு தவறான கட்டளை அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் பாதையைத் துண்டித்துவிட்டது. இதில் பாடம் என்னவென்றால், கோளாற்றைச் சரிசெய்யப் பணியாளர்கள் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே கட்டமைப்பை நம்பியிருந்ததால் அவையும் முடங்கின. வீடும் சாவியும் ஒரே பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட கதை.

மறு ஆண்டு, 2022 அக்டோபர் 25ஆம் தேதி, தீபாவளிக்கு மறுநாள் பிற்பகலில், புலனம் மீண்டும் சுமார் இரண்டு மணி நேரம் நின்றது. வாழ்த்து தாமதமானால் பரவாயில்லை. அது தேர்வுக்கு முதல்நாளாக இருந்திருந்தால்?

நின்றுபோவது ஒரு வகை, மூடிவிடுவது இன்னொரு வகை. பலர் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. நம் பள்ளிகளில் பயன்பாட்டில் இருந்த ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளம் 2019இல் முடிவுக்கு வந்து, அதற்குப் பின் கூகல் வகுப்பறையும் 2020இல் டெலிமா தளமும் வந்தன. தளம் மாறும்போது, அதற்குள் மட்டும் வைத்திருந்த பாடப்பொருள் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். செயலி வாடகை வீடு மாதிரி. நம் பொருளுக்கு இன்னொரு படி நம் கையில் இருக்க வேண்டும்.

புலனக் குழுவைக் கோப்பு அலமாரியாக நினைப்பதும் இதே தவறுதான். புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியரைக் குழுவில் சேர்க்கிறோம். பழைய செய்திகள் அவருக்குத் தாமாக வந்து சேர்வதில்லை. நாம் கைப்பேசி மாற்றினாலும், நினைவகம் நிறைந்துவிட்டது என்று அழித்தாலும், பழைய கோப்பைத் திரும்பப் பதிவிறக்க முடியாமல் போகலாம். டெலிகிராம் இதில் சற்று வேறு. அது செய்திகளை மேகச் சேமிப்பில் வைத்திருக்கிறது, நிர்வாகி அனுமதித்தால் புதியவர் பழையதைப் பார்க்கலாம். ஆனால் பெற்றோர் எல்லாரிடமும் அந்தச் செயலி இருக்குமா என்பது அடுத்த கேள்வி.

பெரட்டு சொல்லும் பாடம்

கோலா சிலாங்கூர் வட்டாரத்துக்குத் தோட்ட வரலாறு புதிதல்ல. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது 1917இல், இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். இப்பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் 'பெரட்டு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். விடியற்காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க, பெயர் வாசிக்கப்படும். பெயருக்கு உரியவர் குரல் கொடுக்க வேண்டும். பிறகுதான் இன்று யாருக்கு எந்த நிரை, என்ன வேலை என்று சொல்லப்படும்.

அந்தப் பெரட்டின் அதட்டலும் அச்சமும் நமக்கு வேண்டாம். அவை போனது நல்லதே. ஆனால் அதில் ஒரு முறை இருந்தது: அழைத்தால் பதில் வரும். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று அப்போதே தெரியும், வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பார்கள். இன்று நாம் அழைக்கிறோம், பதில் குரலைக் கேட்பதில்லை. டிக்கைப் பார்த்துவிட்டு 'ஆள் வந்தாச்சு' என்று பெயர் போட்டுக்கொள்கிறோம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2020 மார்ச் 18 முதல் பள்ளிக் கதவு மூடியது, பாடம் கைப்பேசிக்குள் நுழைந்தது. 'அனுப்பிவிட்டேன்' என்று நாம் சொன்ன பாடங்களில் எத்தனை, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளில் உண்மையாகவே படிக்கப்பட்டன?

என்ன செய்யலாம்?

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. 'இன்று', 'நாளை', 'நாளை மறுநாள்' கூடாது. கிழமை, தேதி, காலை அல்லது மாலை, இடம் ஆகிய நான்கும் ஒவ்வோர் அறிவிப்பிலும் வேண்டும். மாற்றம் என்றால் பழைய தேதியையும் சொல்ல வேண்டும்: "வெள்ளி 15.8 அன்று நடக்கவிருந்த தேர்வு, வியாழன் 14.8 காலை 10.00க்கு மாற்றப்பட்டுள்ளது."

2. அறிவிப்புக் குழு வேறு, பேச்சுக் குழு வேறு. நிர்வாகி மட்டும் எழுதும்படி குழுவை அமைக்கும் வசதி இருக்கிறது. வாழ்த்தும் கலகலப்பும் அடுத்த குழுவில் தாராளமாக நடக்கட்டும். முக்கியச் செய்தியை மேலே குத்தி வைக்கவும் இப்போது முடியும்.

3. பதில் கேளுங்கள். "படித்தவர்கள் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்" என்று கேட்டால் பட்டியல் தானாக வந்துவிடும். பதில் வராத வீடுகள் நான்கோ ஐந்தோ இருக்கும். அவர்களை அழைத்துப் பேசுங்கள். பத்து நிமிட வேலைதான்.

4. ஆவணத்துக்கு ஒரே இடம். பாடப்பொருளும் தாள்களும் கூகல் வகுப்பறையிலோ பகிர்ந்த கோப்புறையிலோ இருக்கட்டும். குழுவில் இணைப்பை மட்டும் போடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று வேண்டாம். தேதியை எழுதுங்கள்.

5. தரவு இல்லாத வீட்டுக்குக் குறுஞ்செய்தி. அதற்கு இணையம் தேவையில்லை. ஆனால் அளவு உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து எழுதலாம். தமிழுக்கு 16 பிட் தேவை என்பதால் 70 மட்டுமே. அதிலும் 'கு' என்பது க, உகரக் குறி என இரண்டாகக் கணக்கிடப்படும். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் ஏறும். இந்தச் செய்தியைப் பாருங்கள்: "வியாழன் 14.8 காலை 10 தமிழ் முன்னோட்டத் தேர்வு. அறை 12. பதில் தருக." எண்ணினால் 66. ஒன்றும் விடுபடவில்லை, ஒரே செய்தியில் முடிந்துவிட்டது.

6. நேரத்துக்கு மரியாதை. இரவு 9.50க்கு நான் போட்டேனே, அதுவும் தவறுதான். பிரான்சு நாட்டில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டமே பேசுகிறது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பணித்தியத்துக்குள் நாமே ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளலாம். உண்மையான அவசரம் என்றால் அழைத்துப் பேசலாம்.

மாணவர்களுக்கு

வள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், அது 69ஆவது. சொல்லைக் கொண்டு சேர்ப்பது அவ்வளவு பெரிய வேலை. நீங்கள் தேர்வில் அறிவிப்போ கடிதமோ எழுதும்போது, 'இதைப் படிப்பவர் இரண்டு நாள் கழித்துப் படித்தாலும் புரியுமா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு இரண்டு வேலை தருகிறேன்.

அ. உங்கள் பள்ளித் தமிழ்க் கழகக் கூட்டத்துக்கான அறிவிப்பை 70 குறிகளுக்குள் எழுதுங்கள். நாள், நேரம், இடம், நோக்கம் நான்கும் இருக்க வேண்டும்.

ஆ. 'பள்ளித் தகவல் தொடர்புக்குப் புலனம் மட்டுமே போதும்.' இதை ஆதரித்தோ எதிர்த்தோ விவாதக் கட்டுரைக்கு ஐந்து கருத்துகள் திரட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் நடந்த ஒரு சான்று வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, செயலி நாளைக்கு இன்னும் மேம்படலாம், புது வசதி வரலாம். ஆனாலும் கடைசி வீட்டுக்குச் சேதி சேர்ந்ததா என்று கேட்கும் வேலை நம்முடையதுதான். அடுத்த முறை ஓர் அறிவிப்பை அனுப்பியதும் டிக்கைப் பார்க்காதீர்கள். பதில் வராத பெயர் எது என்று பாருங்கள். அந்தப் பெயரை அழைத்துப் பேசுங்கள்.